பஸ்ஸுக்குக் காற்று, காருக்கு ஸ்பிரிங்

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓட்டுவதற்கென்று செய்த பழைய கார் ஒன்று உங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது என்றால், அதற்கு ஏர் சஸ்பென்ஷன் வேண்டாம். ஸ்பிரிங் போதும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தரமான காயில்ஓவர் போடலாம். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

காற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பஸ் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் காற்றின் மேல் ஓடும் சொகுசு பஸ்களைப் பராமரித்துத்தான் சம்பளம் வாங்கினேன். காற்று என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றால், நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் ஒரு கான்டெஸாவோ, 118 என்.இ.யோ, பழைய ஃபியட்டோ தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மகனோ பேரனோ பெங்களூரிலிருந்து வருகிறான். செல்போனில் ஒரு படம் காட்டுகிறான். கார் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டனை அமுக்கினால் எழுந்து நிற்கிறது. "நம்ம வண்டிக்கும் போட்டுடலாமுங்களா?" என்று கேட்கிறான். அனுமதியும் வேண்டும், பாதிப் பணமும் வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் போ" என்று சொன்னால் நம்மைப் பழைய பஞ்சாங்கம் என்பான். காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளைகள்தான் அவர்கள்.

என் தங்கை மகனும் இப்படித்தான் கேட்டான். அவன் அப்பா, என் மச்சான், ஆசை ஆசையாக வைத்திருந்த கான்டெஸா அது. மச்சான் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. வண்டி பொள்ளாச்சி வீட்டில் அப்படியே நிற்கிறது. பையனுக்கு அதைச் சும்மா நிறுத்தி வைக்க மனமில்லை. ஓட்ட வேண்டும், முடிந்தால் செட்டிபாளையம் ட்ராக்கில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறான். நல்ல ஆசைதான். ஆனால் அவன் கையில் ஒரு எஸ்டிமேட் இருந்தது. அதில், பின்பக்கம் இரண்டு இடத்தில் பாடியை வெட்டி ஏர் பெல்லோஸ் வைப்பதாக எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடுவோம்.

காயில்ஓவர் என்பது ஷாக் அப்சார்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங்கை மாட்டிய ஒரே உருப்படி. ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். அதில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் திருகி மேலேயோ கீழேயோ கொண்டுபோனால் வண்டியின் உயரம் மாறும். இது புதுச் சங்கதி அல்ல. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரிலேயே இந்த அமைப்பு உண்டு.

ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ரப்பர் பெல்லோஸ் இருக்கும். அதற்குள் அழுத்திய காற்று. அந்தக் காற்றைத் தர ஒரு கம்ப்ரஸர், சேர்த்து வைக்க ஒரு டேங்க், நான்கு பக்கமும் குழாய், வால்வு, உயரத்தை அளக்க சென்சார். ஆக, ஒன்று இரும்பு, இன்னொன்று ஒரு சின்ன நிர்வாகம்.

இந்த நிர்வாகம் பஸ்ஸுக்கு ஏன் தேவைப்பட்டது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி பஸ் சுமார் 10 டன் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தும் நின்றும் 60 பேர் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ வீதம் ஏறக்குறைய 4 டன் கூடுகிறது. அதில் பெரும்பகுதி பின் ஆக்ஸிலில் விழுகிறது. பட்டை ஸ்பிரிங் போட்ட பஸ்ஸில், இந்த முழுச் சுமையைத் தாங்கும் அளவுக்கு ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்தாக வேண்டும். கூட்டம் ஏறினால் நன்றாகப் போகும், காலியாகப் போனால் தூக்கித் தூக்கிப் போடும். கடைசி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போனவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

காற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆள் ஏறினால் பஸ் கொஞ்சம் தாழும். லெவலிங் வால்வு திறந்து காற்று உள்ளே போகும், பஸ் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அழுத்தம் கூடியதால் பெல்லோஸின் இறுக்கமும் தானாகக் கூடிவிடும். ஆள் இறங்கினால் எல்லாம் திரும்பக் குறையும். பத்துப் பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் ஒரே மாதிரி சுகம். தாழ்தள பஸ்ஸாக இருந்தால் நிறுத்தத்தில் ஒரு பக்கம் குனிந்து, முழங்கால் வலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு நிமிரும். இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம்.

இப்போது கான்டெஸாவுக்கு வாருங்கள். வண்டி எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ட்ராக்கில் ஓட்டுகிறவன் ஒருத்தன், 75 கிலோ. பெட்ரோல் டேங்கில் 40 லிட்டர் இருந்து தீர்ந்தால் சுமார் 30 கிலோ குறையும். அவ்வளவுதான் சுமையின் ஏற்ற இறக்கம். குடும்பத்தோடு நான்கு பேர் போனாலும் 300 கிலோ. பஸ்ஸில் பாதி வேலையாக இருக்கும் சுமை மாற்றம் இங்கே பெரிய பிரச்சினையே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

வேகமாக ஓட்டும் காருக்கு வேண்டியது வேறு. வளைவில் திருப்பும்போது வண்டி எவ்வளவு சாயும், பிரேக் போட்டால் மூக்கு எவ்வளவு இறங்கும் என்று ஓட்டுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நேற்று எப்படி நடந்ததோ இன்றும் அப்படியே நடக்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறாமல் இருக்க வேண்டும், அந்த இறுக்கத்துக்குப் பொருத்தமாக ஷாக் அமைந்திருக்க வேண்டும். இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி. ஒத்துப்போனால் வீடு நன்றாக இருக்கும், ஒருத்தர் குணம் வேளைக்கு வேளை மாறினால் போச்சு.

காற்றில் அந்தக் குணம் மாறும். வண்டியைத் தாழ்த்தக் காற்றை வெளியேற்றினால் பெல்லோஸுக்குள் இடம் குறைகிறது. கொஞ்சக் காற்றைக் கொஞ்ச இடத்தில் அமுக்கினால் சீக்கிரம் இறுகும். உயர்த்தினால் கதை தலைகீழ். ஆக, உயரத்தைத் தொட்டால் இறுக்கமும் மாறுகிறது. ஷாக் மட்டும் பழையபடி நிற்கிறது. காயில்ஓவரில் தட்டைத் திருகி உயரத்தை மாற்றினாலும் ஸ்பிரிங்கின் இறுக்கம் அப்படியே இருக்கும். என் கணக்கில் இந்த ஒரு வித்தியாசமே போதும்.

இன்னொன்று. செலவைக் குறைக்கிறேன் என்று இடது வலது இரண்டு பெல்லோஸுக்கும் ஒரே வால்விலிருந்து டீ போட்டுக் குழாய் இழுக்கிறவர்கள் உண்டு. வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும். தாங்க வேண்டிய நேரத்தில் கைவிடும். வண்டி இன்னும் சாயும். காற்றுதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதமாக நின்றால், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி வால்வு இருக்கிறதா என்றாவது கேளுங்கள்.

"இன்றைக்குப் பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே காற்றுதானே மாமா?" என்றான் பையன். சரியான கேள்வி. போர்ஷே பனமேராவில் உண்டு, பெரிய மெர்சிடிஸ்களில் உண்டு. ஆனால் அங்கே பெல்லோஸ், ஷாக், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார்கள். காற்றின் இறுக்கம் மாறினால் ஷாக்கின் இறுக்கத்தையும் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடுகிறது. நாம் கடையில் வாங்கி 1980-களின் காரில் மாட்டுவது அதன் பெல்லோஸை மட்டும்தான். மூளையை மாட்டுவதில்லை.

இந்த வாதத்துக்குச் சரித்திரத்திலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அமெரிக்காவில்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1953-லேயே தன் தொலைதூர பஸ்களில் காற்றைக் கொண்டுவந்துவிட்டது. அடுத்த வருடம் கிரேஹவுண்ட் கம்பெனிக்காகச் செய்த சீனிக்ரூஸர் பஸ்ஸிலும் அதுவே. பஸ்ஸில் வெற்றி பெற்றதும் காருக்கும் கொண்டுபோனார்கள். 1957-ல் காடிலாக் எல்டொராடோ ப்ரோம் என்ற விலையுயர்ந்த காரில் காற்று வந்தது. 1958-ல் ஷெவர்லே முதல் காடிலாக் வரை கம்பெனியின் மற்ற கார்களிலும் விருப்பத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு நடந்தது என்ன? கசிவு, வால்வுக் கோளாறு, காலையில் பார்த்தால் ஒரு மூலை தரையில் உட்கார்ந்திருக்கும் கார். வாங்கியவர்களில் பலர் காற்றை எடுத்துவிட்டுச் சாதாரண காயில் ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டார்கள். சில வருடத்துக்குள் கம்பெனியே கார்களில் அதைக் கைவிட்டது. பஸ்ஸில் மட்டும் இன்றுவரை காற்றுதான்.

அதே கம்பெனி, அதே காலம், அதே காற்று. பஸ்ஸில் ஏன் நின்றது, காரில் ஏன் நிற்கவில்லை? பணிமனைக்காரனாக எனக்குத் தெரிந்த விடை இது. பஸ்ஸில் ஏர் பிரேக்குக்காக எஞ்சினோடு ஓடும் பெரிய கம்ப்ரஸரும் டேங்கும் ஏற்கெனவே இருக்கின்றன. காற்றுக்குப் பஞ்சமே இல்லை. அதைவிட முக்கியம், பஸ் ராத்திரி டிப்போவுக்கு வந்தால் யாராவது ஒருத்தர் அடியில் படுத்துப் பார்க்கிறார். டேங்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்கிறார். காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். வடிக்காமல் விட்டால் வால்வுக்குள் போய் அரித்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்கிறார். பெல்லோஸின் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடிக்கிறார். மாதத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுக்கும் காருக்கு இதையெல்லாம் யார் செய்வது? நிற்கும் வண்டியில்தான் ரப்பர் சீக்கிரம் கெடும், ஈரம் தங்கும். நம் ஷெட்டில் எலிக்கும் குறைவில்லை. நைலான் குழாய் அதற்கு முறுக்கு மாதிரி.

கம்ப்ரஸர், டேங்க், வால்வு எல்லாம் சேர்ந்தால் எடை சாதாரணமாக 20 கிலோவைத் தாண்டும். வேகத்துக்காகச் செய்த காரில் டிக்கிக்குள் 20 கிலோ சும்மா ஏற்றுவது என்ன நியாயம்? கம்ப்ரஸர் இழுக்கும் கரண்ட்டும் கொஞ்சமல்ல. பழைய காரின் ஒயரிங் அதற்காகப் போட்டதல்ல. தனி ரிலே, தனி ஃப்யூஸ், தடித்த ஒயர் இல்லாமல் இருக்கும் ஒயரிலேயே ஒட்டுப் போட்டால் வண்டி எரிந்துபோகவும் வாய்ப்புண்டு.

இனி அந்த விதிவிலக்கு. மெர்சிடிஸ் கம்பெனி 1968-ல் ஜெனீவா கண்காட்சியில் 300 எஸ்.இ.எல். 6.3 என்ற காரை அறிமுகப்படுத்தியது. பார்க்க முதலாளிகள் போகிற நீளமான கார். உள்ளே 6.3 லிட்டர் வி-8 எஞ்சின், 250 குதிரைசக்தி. மணிக்கு 220 கிலோமீட்டர் போகும். அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்காரர்களையே வெட்கப்பட வைத்த வண்டி. 1972 வரை 6,526 கார்கள் செய்தார்கள். அது நான்கு சக்கரத்திலும் காற்றோடுதான் பிறந்தது. எஞ்சினால் சுழலும் கம்ப்ரஸர், அதற்கேற்ற வால்வுகள் எல்லாம் கம்பெனியே சேர்த்து வடிவமைத்தவை.

அந்தக் காரிலும் பழுது வரும். பராமரிப்புச் செலவுக்குப் பயந்து காற்றை எடுத்துவிட்டு ஸ்பிரிங் போட்டவர்கள் உண்டு. அது தப்பு என்பேன். அந்தக் காரின் நடையே காற்றுதான். அதை எடுத்தால் கார் இருக்கும், அதன் குணம் போய்விடும். பெல்லோஸும் வால்வும் புதிதாக்கி, ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டு, காற்றிலேயே ஓட்டுவதுதான் முறை. ஆனால் இதையும் கவனியுங்கள். 1975-ல் அதன் வாரிசாக 450 எஸ்.இ.எல். 6.9 வந்தபோது, அதே கம்பெனி வெறும் காற்றை விட்டுவிட்டு, எண்ணெயும் வாயுவும் சேர்ந்த வேறு முறைக்குப் போய்விட்டது.

ஆக, விதிவிலக்கும் என் கட்சிக்குத்தான் பேசுகிறது. காற்றோடு பிறந்ததைக் காற்றில் விடுங்கள், ஸ்பிரிங்கோடு பிறந்ததை ஸ்பிரிங்கில் விடுங்கள்.

காற்றின் பக்கம் இருக்கும் பலமான வாதத்தையும் மறைக்கக் கூடாது. அது நம் ஊர் வேகத்தடை. பட்டனை அமுக்கினால் கார் எழுந்து வேகத்தடையைத் தாண்டிவிடும், பிறகு தாழ்ந்துகொள்ளும். வாசலில் சரிவு உள்ள வீடுகளுக்கும் வசதி. உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கான்டெஸா அதன் சொந்த உயரத்தில் நம் வேகத்தடைகளை இத்தனை வருடம் தாண்டிக்கொண்டுதான் இருந்தது. தாழ்த்தியதால் வந்த பிரச்சினைக்குத் தூக்குவது தீர்வு என்றால், தாழ்த்தாமலேயே இருந்திருக்கலாமே.

காயில்ஓவரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. அதில் மூன்று பள்ளம் இருக்கிறது.

முதலாவது, பாரம் எங்கே இறங்குகிறது என்பது. பழைய கார்களில் ஸ்பிரிங்குக்கென்று தனி இருக்கை இருக்கும், அது பலமாக இருக்கும். ஷாக்குக்கு ஒரு போல்ட், ஒரு தகடு. ஷாக் வண்டியைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. காயில்ஓவர் மாட்டினால் அந்த மூலையின் முழுப் பாரமும் ஷாக்கின் போல்ட்டில் இறங்கிவிடும். 300 கிலோவும், பள்ளத்தில் விழும்போது அதைப்போலப் பல மடங்கும். அந்தத் தகடு துருப்பிடித்திருந்தால் ஒரு நாள் கிழிந்துவிடும். பலப்படுத்தாமல் மாட்டவே கூடாது. முடிந்தால் பழைய இருக்கையிலேயே ஸ்பிரிங்கை விட்டு, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மட்டும் தரமானதாக மாற்றுவது இதைவிடப் பாதுகாப்பு.

இரண்டாவது, நெம்புகோல் கணக்கு. ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காராமல், ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சக்கரம் உணரும் இறுக்கம் ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் 60 சதவீதம் அல்ல, 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கி வரும் 36 சதவீதம்தான். அதனால் வேறொரு காருக்குச் செய்த ஸ்பிரிங்கை "இதுவும் அதே எடைதான்" என்று சொல்லி மாட்டினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். கடைக்காரரிடம் ஸ்பிரிங்கின் இறுக்கம் மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ, ஏன் அந்த எண் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, பழைய ஃபியட் 1100, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் வண்டியில் பின்னால் பட்டை ஸ்பிரிங். அது இரண்டு வேலை செய்கிறது. வண்டியைத் தாங்குகிறது, பின் ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் வைக்கிறது. அதை எடுத்துவிட்டுக் காயில்ஓவரோ பெல்லோஸோ வைத்தால் ஆக்ஸிலைப் பிடிக்க ஆள் இல்லை. தனியாக லிங்க் ஆர்ம் செய்து சேஸிஸில் வெல்டு வைக்க வேண்டிவரும். தெருமுனை வெல்டிங் கடையில் செய்கிற வேலை அல்ல அது. பட்டையை அவிழ்த்து, தேய்ந்ததை மாற்றி, வளைவைச் சரிசெய்து மாட்டுங்கள். அது போதும்.

தாழ்த்தும் அளவிலும் நிதானம் வேண்டும். 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால் பார்க்க அழகு, ஓட்டவும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். வண்டி சமதரையில் நிற்கும்போது கீழ் ஆர்மைப் பாருங்கள். சக்கரப் பக்கம் மேல்நோக்கி ஏறி நின்றால் அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டி தாழ்ந்திருந்தும் வளைவில் முன்னைவிட மோசமாக நடந்துகொள்ளும்.

சட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. தேய்ந்த ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் பதில் புதியது போடுவது வேறு, பாடியை வெட்டிக் காற்று வைப்பது வேறு. பின்னால் ஒரு விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும் நமக்கு முக்கியம். 50 வயது தாண்டிய வண்டி, சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருந்தால், விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். 1972-ம் வருட ஃபியட் இப்போதே அந்த வயதைத் தாண்டிவிட்டது. 1985-ம் வருட 118 என்.இ. 2035-ல் தாண்டும். இன்னும் சில வருடம்தான். இப்போது கட்டர் வைத்து வெட்டிவிட்டால், அப்போது அந்தத் தகுதி கைவிட்டுப் போகலாம். நாம் இருக்கிறோமோ இல்லையோ, பிள்ளைகளுக்கு அது நஷ்டம்.

சரி, என்னதான் செய்வது? தங்கை மகனுக்குச் சொன்ன வரிசையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-ம் வருடம் 23-வது வாரம். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் வேகமாக ஓட்டக் கூடாது. அடுத்து ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்ட்கள். நின்ற வண்டியில் இவை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். "வண்டி அலையுது, ஸ்பிரிங் போச்சு" என்று வந்த கார்களில் பாதிக்கு மேல் புஷ் போனவைதான் என்பது என் அனுபவம். மூன்றாவது ஷாக். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றிரண்டு மட்டும் மாற்றாதீர்கள். நான்காவது, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளங்கள். இடமும் வலமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. ஜோடியாக மாற்றுங்கள். கடைசியாக வீல் அலைன்மெண்ட்.

இவ்வளவும் செய்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டுங்கள், ஆழியாறு பக்கம் வளைவுகளில் நிதானமாக ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் வளைவில் அதிகமாகச் சாய்கிறது, ட்ராக்கில் ஓட்ட இன்னும் இறுக்கம் வேண்டும் என்று தோன்றினால், அப்போது காயில்ஓவரைப் பற்றிப் பேசலாம். போல்ட்டில் மாட்டி போல்ட்டில் கழற்றுவதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. பையன் இப்போது மூன்றாவது படியில் இருக்கிறான். புஷ் எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஷாக்குக்குச் சொல்லியிருக்கிறான். எஸ்டிமேட்டைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறான். வைத்திருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால், முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கண்ணு, இதை ஓட்டப் போறியா, நிறுத்திப் பார்க்கப் போறியா?" நிறுத்திப் பார்க்கத்தான் என்று சொன்னால், நம் சம்மதம் இல்லாமலும் அவன் ஒரு நாள் காற்று வைப்பான். அதற்காகச் சண்டை போட வேண்டாம். பாடியை வெட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், நான்கு தனி வால்வு கேட்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை டேங்கில் தண்ணீர் வடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஓட்டப் போகிறேன் என்றால் மேலே சொன்ன வரிசை இருக்கிறது.

எந்த வழியில் போனாலும், கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று அட்டையில் எழுதிக் கட்டி, அட்டாலியில் ஏற்றி வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியும் வையுங்கள்.